‘மைசெல்ஃப் குமார்’ என்று சொல்லலாமா? இன்டர்வியூவுக்குப் போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்!

மணலி என்றாலே ஆலைகள்தான். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவான சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், உரம் தயாரிக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் இரண்டும் இங்கேதான் இருக்கின்றன. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து இப்படிப்பட்ட ஆலைகளில் வேலை தேடும் பிள்ளைகள் இன்டர்வியூவில் முதலில் சொல்லும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: ‘மைசெல்ஃப் குமார், ஃப்ரம் மணலி.’

இந்தியா முழுக்கக் கேட்கும் வாக்கியம்தான். ஆனால், ஆங்கில இலக்கணப்படி தவறு. ‘ஐ ஆம் குமார்’ என்பதே போதும்.

ஏன் தவறு?

மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ்... இந்த 8 சொற்களும் தனியாக நிற்காது. செய்பவரும் அந்தச் செயலுக்கு ஆளாகிறவரும் ஒருவரே என்று காட்டுவதுதான் இவற்றின் முக்கிய வேலை. ‘ஐ கட் மைசெல்ஃப்’ என்றால், ‘நான் வெட்டிக்கொண்டேன்’. முன்னால் ‘ஐ’ இருப்பதால் பின்னால் ‘மைசெல்ஃப்’ வருகிறது.

ஒரு சொல் விடுபட்டால்...

ஆலையில் விபத்து அறிக்கை எழுதுகிறீர்கள். ‘ரவி பர்ன்ட் ஹிம்செல்ஃப்’ என்றால், ரவி தன்னைச் சுட்டுக்கொண்டார். ‘ரவி பர்ன்ட் ஹிம்’ என்றால், ரவி வேறு யாரையோ சுட்டுவிட்டார்! ‘செல்ஃப்’ விடுபட்டதால் காயம்பட்டவர் மீதே பழி விழுந்துவிடும்.

தமிழில் யோசித்தால் வரும் சிக்கல்

தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் ‘கொள்’ செய்துவிடுகிறது. ஆனால், எல்லா ‘கொள்’ளுக்கும் ‘செல்ஃப்’ போடக்கூடாது. ‘கற்றுக்கொண்டேன்’ என்பதற்கு ‘ஐ லேர்ன்ட் இட்’ போதும்.

‘தன்’ இன்னும் ஏமாற்றும். ‘மேனேஜர் தன்னைப் பாராட்டியதாக ரவி சொன்னார்’ என்றால், பாராட்டு ரவிக்கு என்றே புரிந்துகொள்வோம். அதையே ‘ரவி செட் த மேனேஜர் ப்ரெய்ஸ்டு ஹிம்செல்ஃப்’ என்று எழுதினால், மேனேஜர் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டார் என்றாகிவிடும். இங்கே ‘ஹிம்’ போதும்.

இவற்றையும் கவனியுங்கள்

* ‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ தவறு. ‘கான்டாக்ட் மீ’ சரி.
* ‘ஹிஸ்செல்ஃப்’, ‘தெயர்செல்வ்ஸ்’ என்ற சொற்கள் ஏற்கப்பட்ட ஆங்கிலத்தில் இல்லை.
* ஒருவரிடம் பேசினால் ‘யுவர்செல்ஃப்’, பலரிடம் பேசினால் ‘யுவர்செல்வ்ஸ்’.
* ‘ஐ செக்டு த வால்வ் மைசெல்ஃப்’ என்றால், ‘நானே பார்த்தேன்’ என்ற அழுத்தம். ‘பை மைசெல்ஃப்’ என்றால், தனியாக அல்லது யார் உதவியும் இல்லாமல்.
* விருந்தில் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்றால், ‘வேண்டியதை நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க’ என்ற உபசரிப்பு. கோபப்பட வேண்டாம்!

இன்டர்வியூவில் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று கேட்பார்கள். கேள்வியில் ‘யுவர்செல்ஃப்’ வந்ததால் பதிலை ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பிக்கத் தோன்றும். ‘நீ சொல்லு’ என்பதில் ‘நீ’ மறைந்திருப்பதால்தான் அங்கே ‘யுவர்செல்ஃப்’ சரியாக இருக்கிறது. உங்கள் பதில் ‘ஐ ஆம்...’ என்று தொடங்கட்டும். அடுத்து, கற்ற தொழிலைப் பற்றித் தைரியமாகப் பேசுங்கள்.