சராசரியும் விலகலும்

பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் வீடுகளில் முதலிற் கேட்கப்படும் வினா, எத்தனை புள்ளி என்பதாகும். சராசரி என்ன என்று வினவுவோர் சிலரே. ஏனையோரின் புள்ளிகள் அச் சராசரியைச் சுற்றி நெருங்கி நின்றனவா, அன்றிச் சிதறிக் கிடந்தனவா என வினவுவோரைக் காண்டல் அரிது. ஆயினும் இலங்கையிற் பல்கலைக்கழகம் புகுவோரைத் தெரிவதில் அம் மூன்றாவது வினாவுக்குப் பெரும் பங்குண்டு.

நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளின் நன்று. நான்கு மாணவர் ஒரு பாடத்தில் 43, 49, 51, 57 எனப் புள்ளி பெறுகின்றனர். மற்றொரு பாடத்தில் அவர்கள் பெறுவன 22, 46, 54, 78. இரண்டிலும் சராசரி 50. சராசரியை மாத்திரம் நோக்குவோர்க்கு இரு பாடங்களும் ஒன்றே. கற்பிக்கும் ஆசிரியருக்கோ அவை வேறு வேறு உலகங்கள்.

இவ் வேறுபாட்டை அளக்க எளிய வழி வீச்சு. உயர்ந்த புள்ளியிலிருந்து தாழ்ந்ததைக் கழித்தால் முதற்பாடத்தில் 14, மற்றதில் 56. ஆனால் வீச்சு இரு ஓரங்களை மட்டுமே பார்ப்பது. நூறு பேர் ஒருங்கே நிற்க, காய்ச்சலோடு வந்த ஒருவன் 5 புள்ளி பெற்றுவிட்டால் வீச்சு முழுவதும் அவன் கைக்குப் போய்விடும்.

ஆதலின் ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகினர் என்று பார்த்தல் வேண்டும். முதற்பாடத்தில் இருவர் 7உம் 1உம் குறைவு. இருவர் 1உம் 7உம் கூடுதல். இவற்றைக் கூட்டினால் பூச்சியமே எஞ்சும். எத் தொகுதியை எடுப்பினும் அப்படியே. இதைத் தவிர்க்க, விலகல்களை வர்க்கிப்பர். 49, 1, 1, 49, கூட்டினால் 100, நால்வருக்கும் பகிர்ந்தால் 25. இதுவே மாறற்றிறன். ஆனால் இந்த 25, புள்ளியன்று, புள்ளியின் வர்க்கம். அதன் வர்க்கமூலமாகிய 5 மீண்டும் புள்ளிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. இதற்கு நியம விலகல் என்று பெயர். ஆங்கிலத்தில் இப் பெயரை வழங்கியவர் கார்ள் பியர்சன். 1894ஆம் ஆண்டில் அச்சேறிய அவரது கட்டுரையில் இது காணப்படுகிறது. மற்றப் பாடத்துக்கு இவ்வாறே செய்தால் நியம விலகல் 20 என வரும்.

இவ் வளவுகளையே பெரியதொரு பரீட்சைக்கும் உரியனவாகக் கொள்வோம். இரு பாடங்களிலும் 60 புள்ளி பெற்ற மாணவி, இரண்டிலும் சராசரிக்கு 10 புள்ளி மேலே நிற்கிறாள். முதற்பாடத்தில் அந்த 10, இரண்டு நியம விலகல். மற்றதில் அரை நியம விலகலே. பெற்றோர் அறிந்த இஸட் புள்ளி இதுதான். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்வாறு கணித்து, மூன்று பாடங்களின் சராசரியை எடுப்பர். பல்கலைக்கழக அனுமதிக்கு இம்முறை 2001ஆம் ஆண்டுப் பரீட்சையுடன் வந்தது. அதற்கு முன் மூலப் புள்ளிகளையே கூட்டினர். கடினமான வினாத்தாளில் எடுத்த 60உம் இலகுவானதில் எடுத்த 60உம் ஒரே விலை பெற்றன.

இனி, யாருடைய சராசரி, யாருடைய நியம விலகல் என்ற கேள்வி எழுகிறது. 1970களின் முற்பகுதியில், பரீட்சை எழுதிய மொழியைக் கொண்டு மாணவரைக் கூட்டங்களாகப் பிரித்துச் செய்த தரப்படுத்தல் தமிழ் மாணவரிடையே விளைத்த கசப்பு யாவரும் அறிந்ததே. அங்கே குறை, வர்க்கமூலத்தில் அன்று, கூட்டம் பிரித்த முறையில் இருந்தது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் இதற்கு எதிரான சிக்கல் தோன்றியது. பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வேறு வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதியிருக்க, அவர்களை ஒரே கூட்டமாக்கி இஸட் புள்ளி கணித்துவிட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. இரு சாராரையும் தனித்தனிக் கூட்டங்களாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி 2012இல் நீதிமன்றம் பணித்தது. விடைத்தாள்கள் திரும்பத் திருத்தப்படவில்லை. சராசரிகளும் நியம விலகல்களுமே புதிதாகக் கணிக்கப்பட்டன.