மாட்டோடு வந்து கதவைத் தட்டிய விவசாயி!
வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரைந்த இந்தியா

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் நங்கநல்லூர். மொட்டை மாடியில் நின்றால், விமானங்கள் தாழப் பறப்பதைக் காணலாம். உலகச் செய்திகளோ காலைப் பத்திரிகையில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன.

ஆனால், உலகத்துப் பத்திரிகைகளில் இந்தியா எப்படித் தோன்றுகிறது? வளர்ந்து வரும் வல்லரசாகவா? பழைய ஏழை நாடாகவா? இரண்டும் உண்டு. சில படங்களே அதற்குச் சாட்சி.

கதவைத் தட்டினார்

2014-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந்தேதி. இந்தியாவின் "மங்கள்யான்" செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றத் தொடங்கியது. முதல் முயற்சியிலேயே இதைச் சாதித்த முதல் நாடு இந்தியாதான். செலவு சுமார் 450 கோடி ரூபாய். திட்ட இயக்குனர் அருணன், நெல்லைச் சீமைக்காரர்.

சில நாட்களில் அமெரிக்காவின் "நியூயார்க் டைம்ஸ்" ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. விண்வெளிப் பெரிய மனிதர்களின் சங்கம். உள்ளே கோட்டு அணிந்த இருவர். வெளியே தலைப்பாகை கட்டிய விவசாயி, மாட்டைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுகிறார். அவர்தான் இந்தியா!

வாசகர்கள் கொதித்தார்கள். கண்டனம் குவிந்தது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. விண்வெளி இனி பணக்கார மேல்நாடுகளுக்கு மட்டும் சொந்தமல்ல என்று காட்டவே ஓவியர் அதை வரைந்தார் என்றும் விளக்கியது. அந்த ஓவியர் சிங்கப்பூர்க்காரர்.

மகுடி ஊதிய படம்

2022 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டு "லா வான்குவார்டியா" பத்திரிகை, இந்தியப் பொருளாதாரத்துக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று எழுதியது. செய்தி பாராட்டு. படமோ மகுடி ஊதும் பாம்பாட்டி!

ரெயில் பந்தயம்

2023 ஏப்ரல். மக்கள் தொகையில் சீனாவை இந்தியா முந்தும் நேரம். ஜெர்மனியின் "டெர் ஸ்பீகல்" ஒரு படம் போட்டது. கூரை மீதும் ஆட்கள் நெருக்கியடிக்கும் பழைய ரெயில் இந்தியா. அதிவேக ரெயில் சீனா.

கூட்டம் பொய்யா? காலையில் பழவந்தாங்கல் நிலையத்தில் மின்சார ரெயில் ஏறும் நங்கநல்லூர்க்காரர் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால், கூட்டம் மட்டுமே இந்தியா அல்ல.

நான்கே மாதத்தில் அது தெரிந்தது. ஆகஸ்டு 23-ந்தேதி "சந்திரயான்-3" நிலவின் தென் துருவத்துக்கு அருகே இறங்கியது. அந்தப் பகுதியில் முதலில் இறங்கிய நாடு இந்தியா. திட்ட இயக்குனர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். அவருடைய தந்தை யார் தெரியுமா? ரெயில்வே தொழிலாளி!

எதிர்பாராத பாராட்டு

அந்த வெற்றியைப் பாகிஸ்தானின் "டான்" பத்திரிகை தலையங்கத்தில் பாராட்டியது. பணக்கார நாடுகளைவிடக் குறைந்த செலவில் சாதித்ததைச் சுட்டிக்காட்டியது. 2024 ஜனவரியில் சீனாவின் "குளோபல் டைம்ஸ்", இந்தியாவின் வளர்ச்சியைப் புகழ்ந்து ஒரு சீனப் பேராசிரியர் எழுதிய கட்டுரையை வெளியிட்டது. உறவு கசந்த நாடுகளிலிருந்தும் நல்ல சொல் வந்தது!

இரண்டு கேள்விகள்

ஒரு நாடு வேகமாக வளரும். அதைப் பற்றி மற்றவர் மனதில் உள்ள பழைய படம் அவ்வளவு வேகமாக மாறாது. ஆகையால், கேலிப் படத்தைக் கண்டதும் கொதிக்கவும் வேண்டாம். பாராட்டைக் கண்டதும் மயங்கவும் வேண்டாம். இரண்டு கேள்விகள் போதும். இதில் உண்மை எவ்வளவு? விட்டுப்போனது எது?

இந்தியப் பத்திரிகைகள் பிற நாட்டாரை வரையும்போதும் இதே கேள்விகளைக் கேட்கவேண்டும். தராசு எல்லோருக்கும் ஒன்றுதானே!