வீட்டுக் கணினியில் ஓர் இணையக் களஞ்சியம்

கிணறு தொலைவில் இருப்பின், இல்லத்தார் தாகம் எடுக்குந்தோறும் கிணற்றடிக்குச் செல்வதில்லை. ஒருமுறை கொணர்ந்த நீரைக் குடத்தில் நிரப்பி வைத்து, வேண்டும்போது மொண்டு கொள்கின்றனர். இணையத்திலிருந்து வரும் பக்கங்களையும் கோப்புகளையும் இவ்வாறு சேமித்து வைத்துப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. கேட்கும் கணினிக்கும் தொலைவிலுள்ள சேவையகத்துக்கும் இடையே நின்று, ஒன்றின் பொருட்டு மற்றொன்றிடம் கேட்டுப் பெறும் நிரல் 'புரொக்சி' எனப்படும்; தமிழில் அதனைப் பதிலாள் என்பர். தான் கொணர்ந்தவற்றின் படியொன்றை அது தன்னிடமும் வைத்துக்கொள்ளுமாயின், அது களஞ்சியப் பதிலாள் ஆகும்.

இவ்வேற்பாடு புதியதன்று. ஜெனீவா நகரையடுத்த சேர்ன் ஆய்வுக்கூடத்தின் சேவையக நிரல் 1994ஆம் ஆண்டிலேயே இப்பணியைச் செய்தது. அமெரிக்காவில் நடைபெற்ற ஹார்வெஸ்ட் என்னும் ஆய்வுத் திட்டத்தின் வழிவந்ததாக, டுவேன் வெசல்ஸ் என்பவரின் முயற்சியால் 1996இல் 'ஸ்குவிட்' என்னும் நிரல் வெளிவந்தது. விலையின்றிக் கிடைக்கும் இந்நிரல் இன்றும் வழக்கில் உள்ளது. லினக்ஸ் இயங்கும் வீட்டுக் கணினியொன்றில் இதனை நிறுவி, வீட்டிலுள்ள ஏனைய கணினிகளையும் இதன் வழியே செல்லச் செய்யலாம்.

ஸ்குவிட்டின் நடத்தை முழுவதும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதப்படும் வரிகளால் ஆளப்படுகின்றது. அங்கே முடிவு செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, யாருக்கு அனுமதி என்பது. வீட்டுக் கணினிகளின் முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அவற்றுக்கு மட்டும் இசைவளித்து, இறுதி வரியில் ஏனையோர் அனைவரையும் மறுத்தல் வேண்டும். இவ்விதிகளை ஸ்குவிட் மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்தும் விதியின்படியே நடக்கும். ஆதலின், அனைவரையும் மறுக்கும் வரிக்குக் கீழே எழுதப்படும் இசைவு ஒருபோதும் பயன்படாது. புதியவர் பலர் இடறி விழும் இடம் இதுவே.

இரண்டாவது, எவ்வளவு சேமிப்பது என்பது. வன்தட்டிற் சேமிக்குமாறு தனியே ஒரு வரி எழுதாவிடின், ஸ்குவிட் கணினியின் நினைவகத்தில் மட்டும் 256 மெகாபைட் வரை வைத்துக்கொள்ளும். நிரலை நிறுத்தினால் அவை அழிந்துவிடும். வன்தட்டில் இடம் ஒதுக்கினாலும், ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் ஏறத்தாழ 14 மெகாபைட் நினைவகம் அட்டவணைக்கு வேண்டும். 10 கிகாபைட் களஞ்சியத்துக்கு 140 மெகாபைட் என்று கணக்கிடலாம். அன்றியும், 4 மெகாபைட்டை விஞ்சும் கோப்பு வழக்கமாகச் சேமிக்கப்படுவதில்லை. பெரிய நிரற்பொதிகளைச் சேமிக்க விரும்புவோர் அவ்வெல்லையை உயர்த்துதல் வேண்டும்.

மூன்றாவது, சேமித்த படி எத்துணைக் காலம் செல்லும் என்பது. அனுப்பும் சேவையகமே காலவெல்லை குறித்திருந்தால் அதுவே செல்லும். குறிக்காதவிடத்து ஸ்குவிட் அனுமானம் செய்கின்றது. ஒரு பக்கம் கொணரப்பட்டபோது, அது இறுதியாக மாற்றப்பட்டு 10 நாள் ஆகியிருப்பின், அதில் ஐந்தில் ஒரு பங்காகிய 2 நாளுக்கு அதனைப் புதியதாகவே கொள்ளும். எவ்வாறாயினும் 3 நாளுக்கு மேல் அவ்வாறு கொள்ளாது. காலம் கடந்தபின், 'மாற்றம் உண்டோ' என்று சேவையகத்தை வினவும். 'இல்லை' என்பதற்கு அடையாளமாக 304 என்னும் எண் விடையாக வந்தால், தன்னிடமுள்ள படியையே கொடுக்கும்.

இனி, பழுது நேர்ந்தால் செய்யத்தக்கது யாது? 'இணையம் நின்றுவிட்டது' என்று வீட்டார் கூறும்போது, முதலில் ஓர் உலாவியைப் பதிலாளின்றி நேரே செல்லச் செய்து பார்த்தல் வேண்டும். அப்பொழுதும் பக்கம் வாராவிடின் குறை இணைப்பில் உள்ளது. வருமாயின் குறை பதிலாளிடம் உள்ளது. பதிலாள் நின்றுவிட்ட பின்னரும் உலாவி அதன் 3128ஆம் வாயிலையே தட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நிகழ்வதாகும். நிரல் தொடங்கவே மறுத்தால், அமைப்புக் கோப்பிற் பிழையுண்டோ என்று ஸ்குவிட்டைக் கொண்டே சரிபார்க்கலாம். களஞ்சிய அடைவு உருவாக்கப்படாமையும், அதில் எழுதும் உரிமை ஸ்குவிட்டுக்கு இல்லாமையும் பிற காரணங்கள்.

நிரல் இயங்கியும் குறை தீராவிடின், அதன் பதிவேட்டைப் படித்தல் வேண்டும். ஒவ்வொரு வேண்டுகோளின் முடிவும் அங்கே ஒரு சொல்லாற் குறிக்கப்பட்டிருக்கும். 'ஹிட்' எனின் களஞ்சியத்திலிருந்து கொடுக்கப்பட்டது. 'மிஸ்' எனின் வெளியிலிருந்து கொணரப்பட்டது. 'டினைட்' எனின் விதியால் மறுக்கப்பட்டது. விண்ணப்ப முடிவுத் திகதி மாறியிருக்க, பழைய திகதியே திரையில் தோன்றுமாயின், அவ்வேளைக்குரிய வரியில் 'ஹிட்' என்றிருப்பின் காரணம் விளங்கும். ஒரு மாணவனின் வாய்ப்பே அதனாற் கெடலாம். இத்தகைய பக்கங்களை வழங்கும் தளங்களைச் சேமிக்க வேண்டாம் என்று தனியே விதி எழுதுதல் நன்று.

இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கத்துடன் இயங்குகின்றனவே, அவற்றைப் பதிலாள் எவ்வாறு சேமிக்கும் என நேயர்கள் சிலர் வினவலாம். சேமிக்க இயலாது என்பதே விடை. அத்தகைய போக்குவரத்தைப் பதிலாள் ஒரு குழாய்போற் கடத்துகின்றதேயன்றி, உள்ளிருப்பதைக் காண்பதில்லை. போலிச் சான்றிதழ் அமைத்து அதனைத் திறந்து பார்க்கும் வழியும் உண்டு. ஆயின் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அங்கே வெளிப்படுமாதலின், அது வீட்டுக்கு ஏற்றதன்று. மறைகுறியின்றி வரும் லினக்ஸ் நிரற்பொதிகள் போன்றவற்றுக்கே இன்று களஞ்சியம் பெரிதும் உதவுகின்றது. ஒரு கணினிக்காக வந்த பொதி, அடுத்த கணினிக்கு வீட்டிலிருந்தே கிடைக்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மறுப்புச் செய்தி கண்டு பொறுமையிழந்த சிலர், இறுதி வரியை 'அனைவருக்கும் இசைவு' என்று மாற்றிவிடுகின்றனர். குறை உடனே தீர்ந்தாற்போலத் தோன்றும். வாயில் வெளியுலகுக்கும் திறந்திருக்குமாயின், முகமறியாதவரும் அப்பதிலாள் வழியே சென்று தீச்செயல் புரிவர். அச்செயலுக்குரிய முகவரியாகப் பதிவாவது அவ்வீட்டின் முகவரியே. விளக்கம் கேட்கப்படுபவரும் அவ்வீட்டாரே. மறுப்பு வந்தவிடத்து எவ்விதி மறுத்தது என்று தேடிக் கண்டு, அதனை மட்டும் திருத்துவதே முறை. அதற்குச் சிறிது நேரம் செல்லும். ஆயின் வீட்டின் கதவு வீட்டாரின் கையிலேயே இருக்கும்.