கட்டணமில்லா ஆய்விதழ்களைத் தாங்கும் மென்பொருள்: செலவை ஏற்பது யார்?

புதுதில்லி: அரசு ஊதியம் பெறும் ஒரு பேராசிரியர், அரசு நிதியில் ஆய்வு செய்து கட்டுரை எழுதுகிறார். அதே துறையைச் சேர்ந்த வேறு சிலர் ஊதியம் ஏதுமின்றி அதை மதிப்பிட்டுத் தருகின்றனர். கட்டுரை வெளியான பிறகு அதைப் படிப்பதற்கு, அப்பேராசிரியர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் நூலகமே பதிப்பகத்துக்குச் சந்தா செலுத்துகிறது. உலகின் ஆய்விதழ்த் துறையில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இவ்வாறே இயங்கி வருகிறது.

இதற்கு இந்தியா கொடுக்கும் விலை சிறியதன்று. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட மத்திய, மாநில அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் இத்திட்டத்தின் வழியாகப் படிக்கலாம். ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவர் என அரசு தெரிவித்துள்ளது. அரசு நிறுவனங்களுக்கு வெளியே இருப்பவர்கள் இவ்வட்டத்துக்குள் வரவில்லை. சந்தாக் காலம் முடிந்தால் மீண்டும் பணம் கட்ட வேண்டும்.

சந்தாவைத் தவிர்க்கும் வழியாகப் பெரும் பதிப்பகங்கள் முன்வைப்பது, கட்டணத்தை எழுதுபவரிடம் பெற்றுக்கொண்டு வாசகருக்கு இலவசமாகத் தருவது. 'நேச்சர்' இதழ் 2021-இல் இவ்வழியைத் தொடங்கியபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கேட்டது. இந்திய ஆய்வு மாணவர் ஒருவர் தன் உதவித்தொகையிலிருந்து செலுத்தக்கூடிய தொகையன்று இது.

எழுதுபவரும் பணம் தராமல், படிப்பவரும் பணம் தராமல் ஓர் இதழை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு ஒரு மென்பொருள் விடையளித்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கல்வியாளர் ஜான் வில்லின்ஸ்கி 1998-இல் 'பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்' என்ற முயற்சியைத் தொடங்கினார். அதிலிருந்து உருவானதே 'ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்', சுருக்கமாக ஓ.ஜே.எஸ். கட்டுரையைப் பெறுதல், மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புதல், திருத்துதல், இதழாக வெளியிடுதல் ஆகிய அனைத்தும் இந்த ஒரே மென்பொருளுக்குள் நடைபெறுகின்றன. வெளியான கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் போன்ற விவரங்களைத் தேடுபொறிகள் படிக்கும் வடிவில் அதுவே வழங்குகிறது. இது திறந்த மூல மென்பொருள். எவரும் விலையின்றிப் பதிவிறக்கலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம்.

2020-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்த ஒரு கணக்கெடுப்பில், 25,000-க்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் ஓ.ஜே.எஸ். வழியாக இயங்கியது தெரியவந்தது. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வளரும் நாடுகளைச் சேர்ந்தவை. பட்டியலில் முதலிடம் அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ அன்று, இந்தோனேசியாவுக்கு. இந்தியாவிலும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் இதழ்கள், அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழுள்ள நிஸ்பர் நிறுவனத்தின் இதழ்கள் ஆகியவை இம்மென்பொருளின் மீதே இணையத்தில் வெளியாகின்றன.

மென்பொருள் இலவசம் என்பதால் அதை உருவாக்குவதும் இலவசம் என்று கொள்ளலாகாது. நிரலாளர்களுக்கு ஊதியம் தர வேண்டும். பாதுகாப்புக் குறைகளை உடனுக்குடன் அடைக்க வேண்டும். புதிய பதிப்புகளைச் சோதிக்க வேண்டும். கூட்டாண்மைகளின் முக்கியத்துவம் இங்குதான் தொடங்குகிறது.

2005-இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக நூலகம் இத்திட்டத்தில் இணைந்து, நாளடைவில் அதன் நிரந்தர இருப்பிடமானது. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆகிய பல்கலைக்கழகங்களும் ஒன்டாரியோ மாகாணப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டமைப்பும் வளர்ச்சிப் பங்காளிகளாகப் பணமும் ஆள்பலமும் அளித்துள்ளன. ஜெர்மனியில் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம், ஹைடல்பர்க், கான்ஸ்டன்ஸ் ஆகிய மூன்றும் அந்நாட்டு ஆய்வு நிதியத்தின் உதவியுடன், ஜெர்மன் இதழ்களின் தேவைக்கேற்ப மென்பொருளை மேம்படுத்தின. கனடாவின் எருதி தளத்துடன் 2017-இல் உருவான 'கோயலிஷன் பப்ளிகா' என்ற கூட்டு, அந்நாட்டுச் சமூக அறிவியல், கலையியல் இதழ்களுக்கான பொது மேடையாயிற்று. லத்தீன் அமெரிக்காவின் சைஎலோ அமைப்புடன் இணைந்து பணியாற்றியதன் பயனாக, மதிப்பீட்டுக்கு முந்தைய கட்டுரைகளை வெளியிடும் தனி மென்பொருள் ஒன்றும் கிடைத்தது.

நூலகங்கள் சந்தாப் பணத்தில் ஒரு சிறு பகுதியையேனும் இத்தகைய பொது வசதிகளுக்குத் திருப்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது 'ஸ்காஸ்' என்ற பன்னாட்டுக் கூட்டணி. தகுதியான அமைப்புகளைத் தேர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு ஆதரவளிக்குமாறு உலக நூலகங்களை அது கேட்டுக்கொள்கிறது. அதன் இரண்டாம் சுற்றில் பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் இடம்பெற்றது. இவற்றுக்கு அப்பால், சொந்தமாகச் சர்வர் வைத்திருக்க இயலாத இதழ்களைத் தன் சர்வரில் ஏற்று, அதற்குக் கட்டணம் பெறுவதும் திட்டத்தின் முக்கிய வருவாய். மென்பொருளை விற்காமல் சேவையை விற்கும் இவ்வழி, நன்கொடையை மட்டும் நம்பியிருப்பதைவிட உறுதியானது என்றே கூற வேண்டும்.

ஆனால் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டால் பணம் தருவோர் மிகச் சிலரே. பெரும் சுமையை ஏற்பவை வட அமெரிக்க, ஐரோப்பிய நூலகங்கள். அங்கே வரவு செலவுத் திட்டம் சுருங்கினால் அதன் தாக்கம் ஜகார்த்தாவிலும் தில்லியிலும் உள்ள இதழாசிரியர்கள் வரை எட்டும்.

மென்பொருள் நல்லது என்பதால் இதழும் நல்லது என்று பொருளில்லை. எவரும் நிறுவலாம் என்ற வசதி, பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களுக்கும் உண்டு. தரமான இதழ்களின் 'யு.ஜி.சி. கேர்' பட்டியலை நிறுத்துவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்ததால், இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமே வந்துள்ளது.

இன்னொரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 2016-இல் ஓ.ஜே.எஸ். மூன்றாம் பதிப்பு வந்தபோது, பழைய பதிப்பிலிருந்து மாறுவதற்குத் தொழில்நுட்ப ஆள் தேவைப்பட்டது. ஒரு பேராசிரியர் தம் ஓய்வுநேரத்தில் நடத்தும் இதழில் அப்படி ஒருவர் இருப்பது அரிது. காலாவதியான பதிப்பில் இயங்கும் இதழின் தளம் ஊடுருவலுக்கு எளிதில் இலக்காகிறது. அவர் ஓய்வுபெற்றதும் தளத்துக்கான கட்டணம் செலுத்தப்படாமல், பல்லாண்டு இதழ்கள் ஒரே நாளில் மறைந்துவிடவும் கூடும்.

இதைத் தடுக்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'லாக்ஸ்' தொழில்நுட்பத்தின் துணையுடன் ஒரு காப்பக வலையமைப்பையும் இத்திட்டம் நடத்துகிறது. இதழின் படிகள் பல இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. இதழ் நின்றுபோனாலும் கட்டுரைகளை அங்கிருந்து மீட்டெடுக்கலாம். ஓ.ஜே.எஸ். இதழ்களுக்கு இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் இது தானாகச் செயல்படாது: இதழாசிரியர் அல்லது தள நிர்வாகி அமைப்புப் பக்கத்தில் அதற்கான செருகுநிரலை இயக்கி, நிபந்தனைகளை ஏற்க வேண்டும்.