கேமரா காட்டாததைப் பார்க்கிறவர்கள்

2020 ஜனவரியில் அமெரிக்க செனட் சபை, அதிபர் டொனால்ட் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையை நடத்தியது. நூறு செனட்டர்களும் வாய் திறக்காமல், செல்பேசி இல்லாமல், தத்தம் இருக்கையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது விதி. விசாரணை முழுக்கத் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. பேசுகிறவரின் முகமும், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உட்கார்ந்திருந்த மேடையும், அவ்வப்போது தூரத்திலிருந்து எடுத்த அவையின் தோற்றமும் மக்களுக்குத் தெரிந்தன. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

மாடத்தில் உட்கார்ந்திருந்த செய்தியாளர்கள் பார்த்தது இன்னும் அதிகம். வாதம் நடக்கும்போதே கண்ணயர்ந்த செனட்டரைப் பார்த்தார்கள். எழுந்துபோன சிலர் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பினார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். அவைக்குள் தண்ணீருக்கும் பாலுக்கும் மட்டுமே அனுமதி என்பதால் கண்ணாடிக் குவளையில் பால் குடித்தவர்களையும், வட கரோலினா செனட்டர் ரிச்சர்ட் பர் தன் சகாக்களுக்குக் கொடுத்த, விரலில் வைத்துச் சுழற்றும் விளையாட்டுச் சாமானையும் பார்த்தார்கள். மாடத்துக்குள் கேமரா கூடாது, ஃபோன் கூடாது. பேனாவும் தாளும் மட்டும்தான். ஓவியர்கள் பென்சிலால் வரைந்தார்கள். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள கருவிகளை வைத்திருக்கும் தொலைக்காட்சி நிறுவனங்கள் அந்தக் கோட்டோவியங்களை வாங்கிக் காட்டின.

இதற்குக் காரணம் ஒன்றுதான். அவைக்குள் இருக்கும் கேமரா அவைக்குச் சொந்தம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர்கள் அவையின் ஊழியர்கள். வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளரின் கழுத்தில் தொங்கும் அங்கீகார அட்டை அவரைக் கட்டடத்துக்குள் விடும், மாடத்தில் உட்காரவும் விடும். ஆனால் அவர் தொழிலின் முக்கியக் கருவியைக் கொண்டுபோக விடாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒலிபரப்புச் செய்தியாளர்களின் கதை முழுவதும் இந்தப் பிணக்கின் கதைதான்.

முதலில் அவர்களுக்கு அட்டையே கிடையாது. 1930களின் இறுதியில் வீட்டுக்கு வீடு வானொலி பேசிக்கொண்டிருந்தது. அப்போதும் காங்கிரஸின் பத்திரிகையாளர் மாடம் நாளிதழ்க்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மியூச்சுவல் வானொலியில் அரசியல் விமர்சகராக இருந்த ஃபுல்டன் லூயிஸ் அதற்கு முன் நாளிதழ்ச் செய்தியாளராகவே இருந்தவர். வானொலிக்குப் போனதும் மாடத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அவர் விடவில்லை. அவை உறுப்பினர்களிடம் முறையிட்டார். 1939 ஏப்ரலில் இரு சபைகளும் விதியைத் திருத்தி வானொலிக்கெனத் தனி மாடம் ஒதுக்கின. அந்த ஆண்டே செய்தியாளர்கள் சங்கம் அமைத்தார்கள், லூயிஸ் முதல் தலைவரானார். பின்னாளில் அவர், கம்யூனிஸ்ட் வேட்டையாடிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் உறுதியான ஆதரவாளராக மாறினார். அவர் அரசியல் எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அந்தக் கதவைத் திறந்தவர் அவர்தான்.

நாளிதழ்க்காரர்கள் கதவை அடைத்து வைத்திருந்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், ரயில் கம்பெனிகளுக்கும் அரசிடம் இழப்பீடு கேட்பவர்களுக்கும் காரியம் முடித்துக் கொடுக்கும் தரகர்கள் பத்திரிகையாளர் வேஷத்தில் மாடத்தில் உட்கார்ந்தார்கள். சில பத்திரிகையாளர்களே தரகு பார்த்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1879இல் செய்தியாளர்கள் தங்களுக்குள் ஒரு நிலைக்குழுவை அமைத்தார்கள். யார் உண்மையான செய்தியாளர் என்று அந்தக் குழு முடிவு செய்யும், சபாநாயகர் ஒப்புக்கொள்வார். வானொலிக்காரர்களும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒலிபரப்பு மாடத்துக்கு விண்ணப்பிப்பவர்களைப் பரிசீலிப்பது சக செய்தியாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் செயற்குழு. செய்தி சேகரிப்பதே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், தரகுவேலையோ விளம்பரவேலையோ கூடாது, எந்த வெளிநாட்டு அரசிடமும் சம்பளம் வாங்கக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள்.

கடைசி நிபந்தனை 2017இல் உலகச் செய்தியானது. ரஷ்ய அரசின் பணத்தில் நடந்த ஆர்டி அமெரிக்கா தொலைக்காட்சிக்காக அதன் தயாரிப்பு நிறுவனம் அந்த நவம்பரில் வெளிநாட்டு முகவராகப் பதிவு செய்ய வேண்டி வந்தது. மாத இறுதியில் செயற்குழு அதன் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான டூமா, ரஷ்யா வெளிநாட்டு முகவர்கள் என்று அறிவித்த அமெரிக்க ஊடகங்களின் செய்தியாளர்களுக்குக் கதவைச் சாத்தியது. வாஷிங்டனில் சில செய்தியாளர்கள் கூடி எடுத்த முடிவுக்கு ஒரு நாடு பதிலடி கொடுத்தது.

செய்தியாளர்களே செய்தியாளர்களைத் தேர்ந்தெடுப்பது அரசு தேர்ந்தெடுப்பதைவிட நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன் கறையையும் சொல்லியாக வேண்டும். தந்தி மூலம் நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறவர்தான் செய்தியாளர் என்று அச்சுப் பத்திரிகை மாடம் வகுத்த விதி தரகர்களை மட்டுமா வெளியே தள்ளியது? பெரும்பாலும் வார இதழ்களாகவே வந்துகொண்டிருந்த கறுப்பினப் பத்திரிகைகளையும், நாளிதழ்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளாத பெண்களையும் சேர்த்துத் தள்ளியது. 1947இல் அட்லாண்டா டெய்லி வேர்ல்டுக்காக விண்ணப்பித்த லூயி லாட்டியரை நிலைக்குழு நிராகரித்தது. செனட்டின் விதிகள் குழு தலையிட்டு அந்த முடிவை மாற்ற வேண்டியிருந்தது. அரசியல்வாதிகள் செய்தியாளர்களுக்கு நியாயம் கற்பித்த நாள் அது. அந்த ஆண்டே ஆலிஸ் டன்னிகன் உள்ளே நுழைந்தார், காங்கிரஸ் மாடத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணாக.

அட்டை கிடைத்தவர்கள் அடுத்து கேமராவுக்காகப் போராடினார்கள். 1947 ஜனவரி 3இல் பிரதிநிதிகள் சபையின் தொடக்க நாள் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வந்தது. தொடர்ந்து வரும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். செனட்டின் விசாரணைக் குழுக்கள் கேமராவை வரவேற்றன. 1951இல் கெஃபாவர் குழு நடத்திய குற்றக் கும்பல் விசாரணையில், முகத்தைக் காட்டக் கூடாது என்று கும்பல் தலைவர் ஃப்ராங்க் காஸ்டெல்லோ ஆட்சேபித்தார். கேமரா அவருடைய கைகளை மட்டும் காட்டியது. பதற்றத்தில் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கைகள் எந்த முகத்தையும்விட அதிகம் பேசின. 1954இல் ராணுவமும் மெக்கார்த்தியும் மோதிய விசாரணை 36 நாள் நடந்தது, மெக்கார்த்தியின் செல்வாக்கு அதோடு சரிந்தது. பிரதிநிதிகள் சபையிலோ சபாநாயகர் சாம் ரேபர்ன் 1952இல் குழுக் கூட்டங்களில்கூடக் கேமரா கூடாது என்று சொல்லிவிட்டார். 1970களில்தான் நிலைமை இளகியது.

1977இல் சபாநாயகர் டிப் ஓநீல் சோதனை ஒளிபரப்புக்கு ஒப்புக்கொண்டபோது தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒரு கோரிக்கை வைத்தன. கேமராவை நாங்கள் இயக்குகிறோம், காட்சிகளை எங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறோம் என்றன. சபை மறுத்தது. கேமரா எங்களுடையது, வேண்டுமானால் வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே பதில். 1979 மார்ச் 19 அன்று டென்னஸியின் இளம் உறுப்பினர் அல் கோர் பேச, ஒளிபரப்பு தொடங்கியது. பிரையன் லாம்ப் உருவாக்கிய சி-ஸ்பான் என்னும் கேபிள் சேனல் அதே நாளில் பிறந்தது. நான்கே ஊழியர்கள், சுமார் 35 லட்சம் வீடுகள். செனட் 1986 ஜூன் 2 வரை காத்திருந்தது.

கேமராவை வைத்திருப்பவர் அதை ஆயுதமாக்கவும் முடியும் என்பது 1984 மே மாதம் தெரிந்தது. நியூட் கிங்ரிச், ராபர்ட் வாக்கர் போன்ற குடியரசுக் கட்சியினர் அன்றாட அலுவல் முடிந்த பிறகு, ஜனநாயகக் கட்சியினரை நோக்கிச் சவால் விடுவதுபோல உரையாற்றிக்கொண்டிருந்தார்கள். கேமரா பேசுகிறவரை மட்டுமே காட்டும் என்பதால், வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு எதிரே ஆட்கள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் இருக்கைகள் காலி. ஓநீல் திடீரென்று அவை முழுவதையும் காட்டச் சொன்னார். நாடு காலி நாற்காலிகளைப் பார்த்தது. காட்டியது உண்மைதான். ஆனால் அதைக் காட்டலாம் என்று முடிவெடுத்தவர் ஒரு கட்சியின் தலைவர், தனக்குத் தேவைப்பட்ட நேரத்தில். உண்மை வெளிவருவதற்கு அது சரியான வழி அல்ல.

2016 ஜூனில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜான் லூயிஸ் தலைமையில் ஜனநாயகக் கட்சியினர் அவைத் தரையில் உட்கார்ந்து மறியல் செய்தபோது, அவை ஒத்திவைக்கப்பட்டது என்ற காரணத்தால் கேமராக்கள் அணைந்தன. ஸ்காட் பீட்டர்ஸ் உள்ளிட்ட உறுப்பினர்கள் தங்கள் செல்பேசியிலேயே நேரலை செய்ய, சி-ஸ்பான் அதை எடுத்துக் காட்டியது. அடுத்த ஜனவரியில், அவைக்குள் படம்பிடிக்கும் உறுப்பினருக்கு முதல்முறை 500 டாலர், மறுபடி செய்தால் 2,500 டாலர் அபராதம் என்று விதி வந்தது.

விதி ஓய்ந்திருந்த நாட்களும் உண்டு. புதிய சபை கூடும் நாளில் வெளிக் கேமராக்களை அனுமதிப்பது வழக்கம். 2023 ஜனவரியில் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் 15 சுற்று வாக்கெடுப்பு நடந்தது. சி-ஸ்பான் கேமராக்கள் உள்ளேயே இருந்தன. எதிரெதிர் துருவங்களான மேட் கேட்ஸும் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கார்டெஸும் குனிந்து பேசிக்கொண்டதை நாடு பார்த்தது. கேட்ஸை நோக்கிப் பாய்ந்த மைக் ராஜர்ஸைச் சகா ஒருவர் முகத்தில் கைவைத்துப் பின்னுக்கு இழுத்ததையும் பார்த்தது. பேரம், கெஞ்சல், கோபம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. சட்டம் எப்படி உருவாகிறது என்று அந்த நான்கு நாட்களில் மக்கள் கற்றுக்கொண்டது, நாற்பது ஆண்டு அதிகாரபூர்வ ஒளிபரப்பில் கற்றதைவிட அதிகம் என்பது என் எண்ணம். கிங்ரிச், நான்சி பெலோசி, ஜான் போய்னர் என்று சபாநாயகர்களிடம் சொந்தக் கேமராவுக்கு முன்பே அனுமதி கேட்டு இல்லை என்ற பதில் பெற்றிருந்த சி-ஸ்பான், புதிதாகத் தேர்வான சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியிடமும் கேட்டது.

நம் நாடாளுமன்றத்திலும் அவைக்குள் இருக்கும் கேமரா அவையினுடையதே. 2014 பிப்ரவரி 18 அன்று தெலங்கானா மசோதா மக்களவையில் நிறைவேறியபோது லோக்சபா தொலைக்காட்சியின் நேரலை நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். உள்ளே நடந்ததை வெளியே வந்து சொன்னவர்கள் மாடத்தில் இருந்த செய்தியாளர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தச் செய்தியாளர்களைப் பற்றி உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒலிபரப்புச் செய்தியாளர் சங்கம் நடத்திவந்த விருந்துக்கு அதிபரும் அமைச்சர்களும் வருவது வழக்கம். 2004 மார்ச் விருந்தில் ஜார்ஜ் புஷ், வெள்ளை மாளிகை அலுவலகத்தில் மேசைநாற்காலிக்கு அடியில் தான் எதையோ தேடும் புகைப்படங்களைத் திரையிட்டு, அந்தப் பேரழிவு ஆயுதங்கள் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்ற பொருளில் வேடிக்கை பேசினார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. இல்லாத அந்த ஆயுதங்களின் பெயரால் தொடங்கிய இராக் போரில் அதற்குள் ஐநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள், இராக்கியர்கள் ஆயிரக்கணக்கில். கேள்வி கேட்க அட்டை வாங்கியவர்கள் அன்று சிரித்திருக்கக் கூடாது.

ஆனால் அவர்களுடைய அன்றாட வேலை விருந்து மேசையில் நடப்பதல்ல, நடைவழியில் நடப்பது. அவைக்குள் கேமரா கொண்டுபோக முடியாததால் வாசலிலும் மாடிப்படியிலும் காத்திருக்கிறார்கள். அடித்தளத்தில், அலுவலகக் கட்டடங்களிலிருந்து உறுப்பினர்களை ஏற்றிவரும் சிறு ரயில் நிற்கும் இடத்தில் மைக்கோடு நிற்கிறார்கள். வாக்களிக்கப் போகிற செனட்டர் பெரும்பாலும் அங்கே நடந்துதான் போவார். சிறிது தூரம், ஒரு கேள்விக்கு நேரம். எழுதிக்கொடுத்த அறிக்கை இல்லாமல் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது. பதில் சொல்லாமல் வேகமாக நடந்தால் அதுவும் படத்தில் வரும்.

2017 ஜூன் 13 அன்று அந்த இடத்துக்கும் ஆபத்து வந்தது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றும் மசோதாவைக் குடியரசுக் கட்சி மூடிய அறைக்குள் தயாரித்துக்கொண்டிருந்த நேரம். முன்அனுமதி இல்லாமல் நடைவழிகளில் செனட்டர்களைப் படமெடுத்துப் பேட்டி காணக் கூடாது என்று தொலைக்காட்சிச் செய்தியாளர்களிடம் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் ஒலிபரப்பு மாடத்தின் ஊழியர்கள். மாடம் செய்தியாளர்களுக்கானது என்றாலும் அதன் ஊழியர்களுக்குச் சம்பளம் தருவது செனட். செய்தியாளர்கள் கொதித்தார்கள், ஏமி க்ளோபுச்சர் போன்ற செனட்டர்களும் எதிர்த்தார்கள். சில மணி நேரத்தில் கெடுபிடி தளர்ந்தது. விதிகள் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஷெல்பி வெளியிட்ட விளக்கத்தில், குழு எந்த விதியையும் மாற்றவில்லை, ஏற்கெனவே உள்ள விதிகள் பின்பற்றப்பட வேண்டும் என்றே முயல்கிறது என்றிருந்தது. அதாவது நடைவழியில் கேமராவோடு நிற்பது உரிமை என்று எல்லோரும் நினைத்திருக்க, செனட்டின் கணக்கில் அது யாரும் கண்டுகொள்ளாததால் தொடர்ந்த ஒரு வழக்கம் மட்டுமே. அதை எழுத்தில் உரிமையாக்கும் பொறுப்பு செயற்குழுவுக்கு இருக்கிறது.