மலை அணிலும் மகா ஜனங்களும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நேயர்களுக்கு ஆண்டாளும், வானளாவிய ராஜகோபுரமும், பால்கோவாவும் நினைவுக்கு வரும். ராஜபாளையம் என்றாலோ பஞ்சாலைகளும், மாம்பழமும், காவலுக்குப் பேர்போன வெள்ளை நாயும் நினைவில் எழும். இவ்விரண்டு ஊர்களுக்கும் பொதுவான செல்வம் ஒன்று உண்டு. அதனை நம்மில் பலர் மறந்து விடுகிறோம். மேற்கே நீண்டு கிடக்கும் மலைத் தொடரையே சொல்கிறோம்.

அம்மலையில் வாழும் ஓர் அருமையான பிராணிக்குச் சாம்பல் நிற மலை அணில் என்று பெயர். நம் வீட்டு முற்றத்தில் ஓடும் அணிலுக்கு இது தூரத்து உறவு. உருவத்திலோ பன்மடங்கு பெரிது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் அன்றி, உலகத்தில் வேறெங்கும் இதனைக் காண முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத் தோப்பிற்குச் சென்று பொறுமையுடன் மேலே பார்ப்போருக்கு இதன் தரிசனம் கிட்டுவதுண்டு. சுள்ளிகளையும் தழைகளையும் சேர்த்து மரக்கிளைகளின் நடுவே கூடு கட்டும். தரையில் இறங்குவது மிக அபூர்வம். கிளையோடு கிளை பின்னிக் கிடந்தால்தான் அதற்குப் பாதை உண்டு. நடுவே நாலு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டால் பாதை அறுந்து போகிறது. வேறு வழியின்றித் தரையில் இறங்கும் அணில் பகைக்கு இரையாகிறது.

மனிதர் செய்யும் இடையூறுகளால் இவ்வணிலின் குலமும் அது வாழும் காடும் எவ்வாறு குன்றுகின்றன என்பதை ஜே. ஜோஷ்வா, ஏ. ஜே. டி. ஜான்சிங் என்னும் இருவர் முறைப்படி ஆராய்ந்து, 1994-இல் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டனர். இவர்களுள் ஜான்சிங் நாங்குநேரியில் பிறந்தவர். அண்டை ஊராகிய சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராய் இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார்.

செந்நாயோ அக்காலத்தில் வெறுக்கப்பட்ட பிராணி. வெள்ளைக்கார சர்க்கார் அதனைக் கொல்வோருக்குப் பரிசுப் பணம் கொடுத்து வந்தது. இரக்கமற்ற கொலைகாரப் பிராணி என்றே வேட்டைக்காரர்கள் அதனை வர்ணித்தார்கள். ஆனால் பொறுமையுடன் கவனித்தவர்கள் கண்ட காட்சி வேறு. செந்நாய்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்கின்றன. தாய்க்கும் குட்டிகளுக்கும் மற்ற நாய்கள் இரையை வயிற்றில் சுமந்து வந்து கக்கி ஊட்டுகின்றன. இரை வீழ்ந்த இடத்தில் குட்டிகளே முதலில் உண்ணப் பெரியவை விலகி நிற்கின்றன. நம் வீடுகளில் குழந்தைகளுக்கு முதலில் சோறிடும் வழக்கத்திற்கும் இதற்கும் என்ன பேதம்?

பின்னர் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஜான்சிங் பல ஆண்டுகள் பணியாற்றி, எத்தனையோ மாணாக்கர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். ஆயினும் தாம் கண்டறிந்தவற்றைப் பண்டிதர்கள் மட்டும் புரட்டும் ஏடுகளோடு அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. தினசரிகளில் எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்து திரிந்த அனுபவங்களைச் சாதாரண வாசகர்களும் படிக்கும்படி புத்தகமாக்கினார். 2024-இல் அவர் காலமானார்.

அவர் விரும்பி நடந்த இம்மலைகளில் 1988-இல் அணிலுக்கென்றே ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் அதனோடு மேகமலைக் காடும் சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. இவை யாவும் ஒருவரால் நடந்தன என்று நாம் சொல்ல மாட்டோம். ஆராய்ந்தவர்கள் வாய் திறந்து பேசியிராவிடில், காக்க வேண்டியது இன்னதென்று சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் எவ்வாறு விளங்கியிருக்கும்?

“அணில் இருந்தால் நமக்கென்ன, போனால் நமக்கென்ன?” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராஜபாளையத்திலிருந்து ஐயனார் கோயிலுக்குச் செல்லும் வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. மலை ஓடைகளின் நீர் அதில் தங்கி, நகரத்தின் குழாய்களில் குடிநீராக வருகிறது. அணிலுக்குப் பாதையாயிருக்கும் அதே மரங்கள்தாம் பெய்யும் மழையை மண்ணில் இறங்கச் செய்து, ஓடையில் சிறுகச் சிறுக விடுகின்றன. ஆகவே அணிலின் கூடும் நம் வீட்டுக் குடமும் ஒரே காட்டை நம்பி இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தை வீடுதோறும் அறிந்திருந்தால், அதைவிடச் சிறந்த காவல் காட்டிற்கு வேறு வேண்டுமோ?

ஆனால் இதனை வீட்டிலுள்ளோர் எங்கே படிப்பது? அந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜான்சிங் எழுதிய நூல்களும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. மலையடிவாரத்துக் கிராமத்தில் விறகு பொறுக்கும் பாட்டி அவற்றை எவ்வாறு அறிவாள்? இக்குறையை அவர் ஒருவர் மீது சுமத்துவது தகாது. இது நம் சர்வகலாசாலைகள் அனைத்திற்கும் உள்ள குறை.

பிற மாகாணங்களைப் பார்ப்போம். வங்காளத்தில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் சத்தியேந்திர நாத போஸ், 1948-இல் வங்காள விஞ்ஞான பரிஷத்தை நிறுவித் தாய்மொழியிலேயே ஒரு விஞ்ஞானப் பத்திரிகை வெளிவரச் செய்தார். இதே மலைக்கு அப்பால் கேரளத்தில், தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டின் அருமையை மலையாளத்தில் ஜனங்களுக்கு எடுத்துரைத்தார். சாஸ்திர சாகித்ய பரிஷத் அச்செய்தியை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அக்காடு தேசியப் பூங்கா ஆயிற்று. தமிழ் நாட்டிலோ, பல்லாண்டுகள் சலியாது விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிய பெ. நா. அப்புசாமி ஒரு வக்கீல்! பேராசிரியர்கள் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரு வக்கீல் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிய தர்மம் அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டி வந்த விஷ்ணுசித்தர், மதுரையில் பாண்டியன் சபையில் பரம்பொருளை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார் என்பது ஐதிகம். பெரியாழ்வாராகிய அவரும் அவர் வளர்த்த திருமகளும் தாம் கண்டதைப் பண்டிதர் பாஷையில் பூட்டி வைக்கவில்லை. குழந்தையும் பாடக்கூடிய தமிழில் பாடினார்கள். கோயில் மண்டபங்களில் கடினமான வேதாந்தத்தைக் கதையும் உவமையுமாகச் சொல்லி, ஸ்திரீகளும் வியாபாரிகளும் கேட்டு மகிழச் செய்த உபந்நியாசகர்கள் நம் தேசத்தில் எத்தனை பேர்! வேதாந்தத்தைச் சொல்லப் போதிய தமிழ், அணிலைச் சொல்லப் போதாதா?

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் ஆட்சித் தலைமை வகித்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தம் சொந்த வீட்டையே அதற்கு ஈந்தார். இரு ஊர்களுக்கும் அருகில் கிருஷ்ணன்கோயிலில் கலசலிங்கம் பல்கலைக் கழகம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. மாதம் ஒரு மாலை, ஒரு பேராசிரியர் தாம் ஆராய்ந்ததைத் தமிழில் ஒரு மணி நேரம் சொல்லட்டும். நாமும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்று, கூசாமல் கேள்வி கேட்போம். ஜனங்களின் வரிப்பணத்தால் வளர்ந்த கல்வி ஜனங்களிடம் திரும்பி வருவதற்கு இதைக் காட்டிலும் எளிய வழி நமக்குத் தோன்றவில்லை.