தொட்டிக்கு ஒரு நிலவும் வேண்டும்

ஜகார்த்தாவில் லீ சின் எங் என்றொருவர் இருந்தார். அவர் காலத்தில் கடல் மீன் வளர்த்தவர்கள் தொட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவுவார்கள். செத்த பவளத்தின் எலும்புக்கூட்டை வெளுத்து அலங்காரத்துக்கு நடுவார்கள். நோய் அண்டாமலிருக்கத் தாமிர மருந்து ஊற்றுவார்கள். அப்படியும் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. லீ நேர்மாறாகச் செய்தார். கடலிலிருந்து கல்லை அப்படியே எடுத்துவந்து வைத்தார். அதில் ஒட்டியிருந்த பாசி, கடற்பஞ்சு, புழு, நத்தை எதையும் சுரண்டவில்லை. கடல்நீர், வெயில், ஒரு குழாயில் கொஞ்சம் காற்றுக்குமிழ், அவ்வளவுதான். அந்தத் தொட்டியில் மீன் மட்டுமல்ல, பவளமும் பிழைத்தது. 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் இந்த முறையை அவர் எழுதினார்.

சூட்சுமம் முழுவதும் கல்லில் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனையே கொல்லும் நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல்லின் உட்துளைகளில் ஆக்சிஜன் எட்டாத இருட்டில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகிறது. ஒரே கல்லின் தோலில் ஒரு வேலை, வயிற்றில் இன்னொரு வேலை! ஆராய்ந்து கண்டுபிடிக்கச் சொன்னால் எந்தப் பொறியாளரும் திணறியிருப்பார்; லீ செய்ததெல்லாம் அதைக் கழுவாமல் விட்டதுதான். பின்னாளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இந்த உயிர்ப்பாறையோடு பலமான விளக்கையும், நுரையாக அழுக்கைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் பவளம் வளர்வது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

பவளம் ஒரு விலங்கு. பார்த்தால் செடி, தொட்டால் கல். ஆனால் ஒவ்வொரு சிறு துளையிலும் வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் கொண்ட பாலிப் என்ற பிராணி உட்கார்ந்திருக்கிறது. அதன் திசுவுக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை சமைக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. சத்து மிகக் குறைந்த, தெளிந்த வெப்பக் கடலில் இத்தனை உயிர் செழிப்பதற்கு இந்த ஏற்பாடுதான் ஆதாரம். நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தை ஒரே ஒரு டிகிரி தாண்டிச் சில வாரங்கள் நின்றால் போதும், கூட்டு முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும்.

தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த நுணுக்கம் ஏட்டில் படித்த செய்தி அல்ல, அன்றாடக் கவலை. ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு; 400 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் கால்சியம்; அதைப் போல மூன்று மடங்கு மக்னீசியம். பவளம் தன் கூட்டைக் கட்டக் கட்டக் கால்சியமும் கார்பனேட்டும் குறைந்துகொண்டே வரும், நாள்தோறும் அளந்து ஊற்ற வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் நிரப்ப வேண்டியது கடல்நீர் அல்ல, நல்ல நீர். கோடையில் மின்சாரம் போனால் வீட்டுக்காரருக்கு முன்னால் பவளத்துக்கு வியர்க்கிறது என்பார்கள். இருநூறு லிட்டருக்கு இவ்வளவு பாடு. மழையும் ஆறும் வெயிலும் காற்றும் அங்கே பெருங்கடல் முழுமைக்கும் இதே கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கின்றன, யாரும் அளவுக்குழாய் பிடிக்கவில்லை. படைத்தவனின் வேலையில் ஒரு துளியை நாம் கையிலெடுத்துச் செய்து பார்க்கும்போதுதான் மீதி எவ்வளவு என்று தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ கல் பொறுக்கக் கிளம்ப வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. பெரிய உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

தொட்டியில் பவளத்தைவிட மீனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே அதிகம், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உளுவை இனத்தில் சில மீன்கள் பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் வாழ்கின்றன. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. நாளெல்லாம் மணலை வாரி வெளியே கொட்டுவது அதன் வேலை. வளை வாசலில் காவல் நிற்பது உளுவை. வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட மீசையொன்றை மீனின் மேல் வைத்தே இருக்கும், பார்வையற்றவர் துணைக்கு வருபவரின் தோளைத் தொட்டு நடப்பதைப் போல. ஆபத்து தெரிந்தால் உளுவை வாலைச் சிலிர்க்கும்; மறுகணம் இறாலைக் காணோம். தொட்டியின் வெவ்வேறு மூலையில் விட்டாலும் இரண்டும் பெரும்பாலும் தேடிச் சேர்ந்துவிடுகின்றன.

மாண்டரின் மீனின் கதை வேறு. நீலமாகத் தெரியும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நீலம் ஒளியின் விளையாட்டு. இந்த மீனுக்கோ தோலிலேயே நீல நிறமி உண்டு, விலங்குலகில் அது மிக அரிது. அழகில் மயங்கி வாங்கிப் புதுத் தொட்டியில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். கல்லில் ஊரும், கண்ணுக்கு எளிதில் படாத நுண்ணிய ஓட்டுடலிகளைத்தான் அது கொத்தித் தின்னும், புதுக்கல்லில் அவை இருக்காது. இந்த மீனை விற்பவர்கள் அதைச் சொல்லாமல் விற்பது எனக்குப் பாவமாகவே படுகிறது.

ஆனால் என்னை அசரவைப்பது நிலவுதான். கடலில் பல பவள இனங்கள் ஆண்டில் ஒருமுறை, முழுநிலவுக்குப் பின் சில இரவுகளில், ஒன்றாக முட்டையையும் விந்தையும் நீரில் விடுகின்றன. கண்ணில்லை, மூளையில்லை, நீரின் சூடு, பொழுது மறையும் நேரம், நிலவொளி மூன்றையும் கூட்டிக் கழித்து நாள் குறிக்கின்றன. வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நன்றாக வளரும் பவளம்கூட இதை எளிதில் செய்வதில்லை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் 2012-இல் தொடங்கிய முயற்சியில், கிரேட் பாரியர் ரீஃபின் பருவகாலச் சூடு, சூரிய உதயம், அஸ்தமனம், வளர்பிறை, தேய்பிறை அனைத்தையும் கணினியால் தொட்டிக்குள் ஓட்டினார்கள். பவளங்கள் அங்கேயே முட்டையும் விந்தும் விட்டன. 2019-இல் அதே உத்தி ஃபுளோரிடா மீன்காட்சியகத்தில் தூண் பவளத்துக்குப் பயன்பட்டது. ஃபுளோரிடா கடலில் நோயால் அழிந்து அழிந்து, மிஞ்சிய தூண் பவளங்களின் ஆணும் பெண்ணும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நின்றன. கடலில் நடக்காமல் போன அந்தச் சேர்க்கை தொட்டியில், எல்.இ.டி. விளக்கில் வந்த பௌர்ணமிக்குப் பிறகு நடந்தது.